ரோபோவுக்கு வைத்த பொட்டு

ரோபோ ஒருநாள் உலகத்தையே பிடித்துவிடும் என்று சினிமாவில் பயமுறுத்துகிறார்கள். சேலையூரில் எங்கள் வீட்டுத் தரை துடைக்கிற ரோபோவால் சோபாவையே தாண்ட முடியவில்லை. போய் முட்டும், திரும்பும், மறுபடி முட்டும். ஆயுத பூஜையிலிருந்து இதே பேஜார்தான்.

இன்று காலை சர்வீஸுக்கு வந்த ஜெபின் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“மேடம், கேமரா மேல சந்தனமும் குங்குமமும் அப்பிக் கிடக்கு. அதுக்குக் கண்ணே தெரியல. யார் வெச்சது?”

என் மனைவி ஹேமாவதி சமையலறைப் பக்கம் திரும்பினாள். ஏழு வருஷமாக எங்கள் வீட்டில் வேலை செய்கிற கங்கையம்மாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“கங்கையம்மா, இங்க வா. நீதானே வெச்சே?”

“ஆமாம்மா, நான்தான்.”

“பாத்தீங்களா! மெஷின் வந்தா தன் வேலை போயிடும்னு வயித்தெரிச்சல். அதான் அதோட கண்ண மறைச்சிட்டா. என் போனஸ்ல ஆசை ஆசையா வாங்கினது! நாளைலேர்ந்து நீ வேலைக்கு வர வேணாம்.”

நைட் ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் மறைமலை நகரிலிருந்து வந்திருந்தேன். வாயைத் திறக்கத் தெம்பில்லை. பொய் சொல்வானேன், தெம்பு இருந்தாலும் திறந்திருக்க மாட்டேன்.

கங்கையம்மாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

“அது கண்ணுன்னு எனக்கு இன்னாம்மா தெரியும்? நெத்தின்னு நெனச்சிட்டேன்.”

ஜெபின் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஹேமா விடவில்லை.

“அதுக்கு எதுக்குப் பொட்டு? யார் வைக்கச் சொன்னா?”

“அன்னிக்கு வண்டி, மிக்ஸி, கத்திரிக்கோல் வரைக்கும் நீங்க பொட்டு வெச்சீங்க. பூஜை போட்ட சாமானை அன்னிக்குத் தொடக் கூடாதுன்னு ஓட்டல்லேர்ந்து சாப்பாடு வாங்கினீங்க. சரிதானேம்மா?”

“ஆமா. அதுக்கென்ன?”

“விருந்தாளி வர்றாங்கன்னு இத மட்டும் மூணு தபா ஓட விட்டீங்க. பாவம், சார்ஜுக்கு நின்னுகினு இருந்திச்சு. ஒரு பொட்டு வெச்சிட்டா நீங்க அதத் தொட மாட்டீங்க, கொஞ்சம் ஓஞ்சி கெடக்கட்டும்னு வெச்சேன்.”

கங்கையம்மாள் ஆணியில் மாட்டியிருந்த தன் பையை எடுத்துக்கொண்டார்.

“அன்னிக்கு இந்த வூட்ல லீவு இல்லாதது, அதுக்கும் எனக்குந்தாம்மா.”