சின்னவனுக்குப் பத்தியம்

"நாம சாப்பிட்டாத்தான் அது சாப்பிடுமாம்மா. பக்கத்துல உட்கார்ந்து, அதே சாப்பாட்டை. டாக்டரம்மா கண்டிப்பாச் சொல்லிட்டாங்க."

இதைச் சொல்லும்போது மாமனார் மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை. நாயின் கழுத்துப்பட்டையைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார். பின்னே? டாக்டரம்மா அப்படி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஆயுள் முழுக்க லேத் பட்டறையில் இரும்பைக் கடைந்த மனிதருக்கு, ஒரு பொய்யைக் கடைந்தெடுப்பதற்குள் வியர்த்துக் கொட்டிவிட்டது. ஆனால் மருமகள் மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள்.

அவர் ஒன்றும் ஆசைப்பட்டுப் பொய் சொல்லவில்லை. மகன் காய்ச்சலில் படுத்துப் போய்ச் சேர்ந்ததிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு பேருக்குத்தான் எரிந்தது. மருமகள் மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குப் போவாள், வருவாள், அரை டம்ளர் காபியோடு படுத்துவிடுவாள். கேட்டால் கடையிலேயே சாப்பிட்டாச்சு என்பாள். அவள் தலைசுற்றி விழுந்துவிட்டதாகக் கடை முதலாளி ஒருநாள் போன் செய்தார். பெற்ற பிள்ளையைத்தான் காப்பாற்ற முடியவில்லை. இவளும் இப்படியே உருகிப் போனால் அப்புறம் அவர் யாருக்காக இருக்க வேண்டும்?

வாய்விட்டும் கேட்டுப் பார்த்தார். நீங்க சாப்பிட்டீங்களா மாமா என்று அவள் திருப்பிக் கேட்பாள், பேச்சு அத்தோடு நின்றுவிடும். அவர் சாப்பிட்ட லட்சணம் தனிக் கதை, அதை விடுங்கள்.

நாயும் சாப்பிடவில்லை. மகன் அதற்குச் சின்னவன் என்று பேர் வைத்து, கூடப்பிறந்த தம்பி மாதிரி வளர்த்தான். தட்டோடு தரையில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, தான் ஒரு வாய் வைத்த பிறகுதான் அதன் கிண்ணத்தை நகர்த்துவான். அப்படியே பழக்கிவிட்டுப் போய்விட்டான், படுபாவி. இப்போது சின்னவன் கிண்ணத்தைப் பார்க்கும், வாசலைப் பார்க்கும், பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொள்ளும்.

கடையில் லீவு தரமாட்டார்கள், நீங்களே டாக்டரிடம் கூட்டிப் போங்கள் மாமா என்று மருமகள்தான் அனுப்பினாள். கிளினிக்கில் நிற்க இடமில்லை. நாய்க்கு நோய் ஒன்றுமில்லை, சத்துதான் இல்லை என்றார் டாக்டரம்மா. சதைப்பிடிப்புக்குப் புரதம் வேண்டும், முட்டையும் எலும்பில்லாத கோழியும் வேகவைத்துக் கொடுங்கள் என்றார். எலும்புக்குத் தயிர், வயிற்றுக்குப் பூசணியும் கேரட்டும். வெங்காயம், பூண்டு, திராட்சை வாசனைகூட ஆகாது, உப்பும் வேண்டாம். மாமனார் விடவில்லை. ரத்தம் ஊற என்ன கொடுக்கலாம், தலைசுற்றாமல் இருக்க என்ன கொடுக்கலாம் என்று குடைந்தார். நாய்க்குத் தலைசுற்றுமா என்று டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ரத்தத்துக்கு ஈரல், அளவாக, என்று சொல்லி அனுப்பினார். வரும் வழியில்தான் அந்தப் பொய் அவருக்கு உதித்தது.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். உப்புமில்லை, உறைப்புமில்லை. மருமகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவன் அவளையே பார்த்தது.

"நீ ஒரு வாய் வைம்மா. பாவம், அது காத்துக்கிட்டு இருக்கு."

"நீங்களும் வைங்க மாமா."

இருவரும் வைத்தார்கள். சின்னவன் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, கிண்ணத்துக்குள் மூக்கை விட்டது. அது சப்புக்கொட்டுவதைக் கேட்டதும் மருமகளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சாப்பிட்டாள். அவரும் அழுதார். ஆனால் தட்டுகள் காலியாகின.

அதன் பிறகு நாள் தவறவில்லை. பட்டறை வேலை மாதிரி நூல் பிசகாமல் கேரட் நறுக்குவார். ஈரல் என்றாலே முகம் சுளிக்கும் மருமகள், நாய்க்காக என்று கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள். அவள் தன் பங்குக்கு மீன் வாங்கி வருவாள். மூட்டு வலிக்கு மீன் கொழுப்பு நல்லதாம், சின்னவன் படியேறச் சிரமப்படுகிறது என்பாள். முள் பார்த்து அவர் தட்டிலும் ஒரு துண்டு வைப்பாள். நாய் மேல் இவளுக்கு இத்தனை பாசமா என்று அவருக்கு மனசு நிறைந்துபோகும்.

சின்னவனின் ரோமம் பளபளத்தது. மருமகளின் கன்னத்தில் பழைய களை திரும்பியது. ஒருநாள் அவர் நறுக்கிய கேரட்டைப் பார்த்து, இதற்கு போல்ட் மாட்டலாம் மாமா என்று சிரித்தாள். மகன் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. தம் இடுப்பு பெல்ட் இறுக்கிப் பிடிப்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பழைய தோல் சுருங்கியிருக்கும் என்று விட்டுவிட்டார்.

தடுப்பூசிக்குச் சின்னவனைக் கூட்டிப்போன அன்று ஒரு பயம் மட்டும் அரித்தது. மருமகள் என்றைக்காவது விசாரித்தால் குட்டு உடைந்துவிடும். அப்படி நீங்கள் சொன்னதாகவே இருக்கட்டும் என்று டாக்டரம்மாவின் காலில் விழாத குறையாகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தார். ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் டாக்டரம்மா முந்திக்கொண்டார்.

"சார், நீங்க என்னை மன்னிக்கணும். போன தடவை நீங்க வர்றதுக்கு முந்தின நாளே உங்க மருமக இங்க வந்து அழுதாங்க. ‘எங்க மாமா பட்டினி கிடந்தே செத்துடுவார் டாக்டர். வீட்டுல எல்லாரும் கூட உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிட்டாத்தான் நாய் சாப்பிடும்னு அவர்கிட்ட ஒரு பொய் சொல்லுங்க’ன்னாங்க. அன்னிக்கு இருந்த கூட்டத்துல நான் சொல்ல மறந்தே போயிட்டேன்."

மாமனார் சின்னவனின் முதுகில் வைத்த கையை எடுக்கவில்லை.

"நேத்து வந்து, ‘நீங்க சொன்ன பொய்தான் எங்க மாமாவைப் பிழைக்க வச்சுது’ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. நான்தான் சொல்லவே இல்லையே சார், பின்னே அதை யார் சொன்னது?"