பதில் தெரிந்த ஜோடி

தாளைப் பார்க்காமலே தேவகி பையனின் பிறந்த நேரத்தைக் கம்ப்யூட்டரில் அடித்தாள். பிறகு பெண்ணுடையதை. நிமிடம் வரை தடங்கல் இல்லை.

"மனப்பாடமா வச்சிகினுகீறியே மா," என்றார் வீரபத்திரன்.

திருத்தணி மலையடிவாரத்தில் அவருடைய கம்ப்யூட்டர் ஜாதகக் கடைக்கு அன்று திறப்பு. பொருத்தம் பார்க்கும் புரோகிராம் தேவகி எழுதியது. அரக்கோணத்திலிருந்து பிளாப்பியில் கொண்டுவந்திருந்தாள்.

"புது மிஷின்ல மொதல்ல இந்த ஜோடியத்தாங்க போடுவேன். பதில் தெரிஞ்ச ஜோடி."

பிரிண்டர் கரகரத்து ஓய்ந்தது. தேவகி தாளைக் கிழித்துப் படித்தாள். மறுபடி படித்தாள்.

"இன்னாச்சு?"

"எங்க மிஷின்ல பொண்ணுக்கு ஆயில்யம்னு வந்துச்சு. இங்க மகம்னு வருது."

"அதே பிளாப்பிதானே?"

"அதேதாங்க. புரோகிராம் எழுதுற பாஷைக்கு பேசிக்னு பேருதான் ஒண்ணு, மிஷினுக்கு மிஷின் வேற. புள்ளிக்கு அப்புறம் வர்ற எண்ண சிலது வெட்டிடும். நட்சத்திரம் மாறுற நேரத்துல பொறந்தவங்களுக்கு இப்படி ஆவும்."

"நாலு மணிக்கு ஜனம் வந்துடும் மா. எந்த மிஷினு பொய் சொல்லுது? அத சொல்லு. இல்லன்னா பிளாப்பிய எடுத்துகினு கெளம்பு."

அலமாரியில் பழைய பஞ்சாங்கங்கள் அடுக்கியிருந்தன. தேவகி ஒன்றை உருவி, பக்கத்தைத் தேடி, விரலை வைத்தாள்.

"பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாடியே ஆயில்யம் முடிஞ்சிருக்கு. உங்க மிஷின்தாங்க சரி."

வீரபத்திரனுக்கு மூச்சு வந்தது. "அன்னிக்கே பஞ்சாங்கத்தப் பாத்திருக்கலாமே?"

"மிஷின் இருக்குதேன்னு பாக்கலீங்க."

"கல்யாணம் நடந்துச்சா?"

"இல்லீங்க. ஆயில்யம் மாமியாருக்கு ஆவாதுன்னு பையன் வீட்ல விட்டுட்டாங்க. அவருக்கு இப்ப ரெண்டு கொழந்த."

"பொண்ணுக்கு?"

"ஆயில்யம்னு ஊரெல்லாம் பேராயிடுச்சு. யாரும் வரலை."

வெளியே மலையிலிருந்து ஒரு குடும்பம் இறங்கிப் போனது. குழந்தையின் மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்திருந்தது.

வீரபத்திரன் அந்தத் தாளை வாங்கி நான்காக மடித்தார். "பாவம் மா. இந்தக் கடையோட மொத ஜாதகம் இது. அந்தப் பொண்ணு வெலாசத்தச் சொல்லு, நானே போயி குடுத்துட்டு வரேன்."

தேவகி பிளாப்பியை உறையில் போட்டாள். கையை நீட்டினாள்.

"எதிர்லதாங்க ஒக்காந்துகினுகீறேன்."