பரணில் நடப்பவர்

தாராவிக்கு வந்த முதல் காலையிலேயே முருகம்மாக்காவின் மீன்குழம்பைக் கெடுத்தேன். நான் வாடகைக்குப் பிடித்தது அவள் அடுப்புக்கு மேலிருந்த பலகைப் பரண். மில்லில் நைட் ஷிப்ட் முடிந்து வந்து தொம் தொம்மென்று நடந்ததில், தூசியெல்லாம் சட்டிக்குள் உதிர்ந்துவிட்டது.

“இனிமே தூசி விழுந்துது, பெட்டியத் தூக்கிட்டுக் கெளம்பிரணும்” என்றாள்.

பம்பாயில் எனக்கு வேறு இடம் கிடையாது. என்னைத் தேடி அந்த ஏணியில் ஒருவரும் ஏறியதும் கிடையாது. அதனால் பூனையைப் பார்த்து நடை பழகினேன். ஆணி அடித்த ஓரமாக மட்டும் மிதிப்பேன். விரல் முதலில், குதிகால் கடைசியில். டிராமை நிறுத்திய அந்த வருஷம் முடிவதற்குள், நான் வந்தால் பரணிலிருந்த எலிகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

ஆனாலும் குழம்பில் தூசி விழுவது நிற்கவில்லை. அக்கா பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் பெட்டியைத் தெருவில் வைத்துவிட்டாள்.

“இதுக்கு மேல எப்படிக்கா நடக்க? நான் நடக்கது உங்களுக்கு நெசமாவே கேக்குதா?”

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நீ நடக்கது கேக்கவே இல்ல தம்பி. தெனமும் உனக்குப் பின்னால ஏறி வாராள்லா, அவளத்தான் சொல்லுதேன்.”