வலப்பக்கம் ஓடுங்கோ!

"சுடப் போறாங்கள்! வலப்பக்கம் ஓடுங்கோ, வலப்பக்கம்!"

கஜதீபன் தொண்டை கிழியக் கத்தினான். முழங்கால் வரை பனி, கையில் ஒரு தடி. ஓட வேண்டியவை மான்கள்.

அவன் குடியேறிய குளிர்நாட்டில், பிராண்டே ஊர்க் காட்டில் இந்தப் பருவத்தின் கடைசி மான்வேட்டை அது. துவக்குக்காரர் காட்டோரம் காத்திருக்க, சத்தம் போட்டு மான்களை அவர்கள் பக்கம் விரட்டிவிடுவதுதான் கஜதீபனின் வேலை. கூப்பிட்டவன் தொழிற்சாலைப் போர்மன் ஹென்றிக். மார்ச்சில் கஜதீபனின் வேலை நிரந்தரமாக அவன்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். வரமாட்டேன் என்று சொல்லக் கஜதீபனுக்கு என்ன விசரா?

ஆனால் காலையில் புறப்படும்போது ஆறு வயது மகள் மிதுஷா காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "ஒரு மானும் சாகக்கூடாது அப்பா. சத்தியம் பண்ணுங்கோ!"

பண்ணித் தொலைத்துவிட்டான். பெற்ற பிள்ளையிடம் பொய்ச்சத்தியம் பண்ண மனம் வருமா?

காட்டுவாசலில் கைகொடுக்கும்போதே எல்லாவற்றையும் நோட்டம் விட்டான். ஹென்றிக்கும் கூட்டாளிகளும் வழக்கம்போல அவன் பெயரைக் "கஜ்" என்று பாதியில் வெட்டிவிட்டு இடப்பக்கம் போனார்கள். குறி தப்பாது என்று பேரெடுத்த கிழவர் ஸ்வென் மட்டும் "கஜதீபன்" என்று பிசகாமல் சொல்லிக் கைகுலுக்கிவிட்டு எங்கோ தனியே நடந்தார்.

ஆகவே வலப்பக்கம்தான் வழி.

"ஓடுங்கோ பிள்ளையள்! மகளுக்குச் சத்தியம் பண்ணிப்போட்டு வந்தனான். என்ர மானத்தைக் காப்பாத்துங்கோ!"

பற்றைக்குள்ளிருந்து நான்கு மான்கள் துள்ளின. சொல்வழி கேட்கும் பிள்ளைகள்போல வலப்பக்கமே பாய்ந்து மறைந்தன. கஜதீபன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு வெடிகூடக் கேட்கவில்லை.

மத்தியானம், சுட்ட மான்களைக் கிடத்துவதற்கென்று வெட்டிப் போட்ட பச்சைக் கிளைகள் வெறுமையாகக் கிடந்தன. ஹென்றிக் வந்து அவன் முதுகில் தட்டினான். மான் வராதது காற்றின் பிழையாம். இப்படி உயிரைக் கொடுத்துக் கத்தும் ஆளை அவன் கண்டதே இல்லையாம். வேலையிலும் இவன் இப்படித்தான் என்று திங்களன்றே எழுதிக் கொடுக்கப் போகிறானாம்.

கஜதீபனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தமிழுக்கு இவ்வளவு சக்தியா என்று வியந்தபடி காரடிக்கு நடந்தான்.

வலப்பக்க மரங்களுக்குள்ளிருந்து ஸ்வென் வந்தார். துவக்கை மடித்து, சுடாத இரண்டு தோட்டாக்களையும் எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டார். பிறகு அவன் காதருகே குனிந்தார்.

"நாலும் நேர எனக்கு முன்னாலதான் வந்து நிண்டது, தம்பி."

கிழவர் கண்ணைச் சிமிட்டினார்.

"மானுக்குத் தமிழ் விளங்காது. வவுனியாவில ஆறு வருசம் இருந்த எனக்கு விளங்கும்."