சேனாபதி வீட்டுப் பெண்

“அருண் சேனாபதி உனக்கு என்ன உறவு?”

கேட்டது டெனிஸ். கலிபோர்னியாவில், மில்பிடாஸில் இருக்கும் அந்தப் பெரிய கம்பெனியின் ஹெச்.ஆர். அதிகாரி. கேட்கும்போதும் சிரித்த முகம்தான். அந்தச் சிரிப்புதான் வெண்பாவைப் பயமுறுத்தியது.

“எந்த உறவும் இல்லை,” என்றாள் ஆங்கிலத்தில்.

“அவர் இங்கே டைரக்டர். அவர் பெயர் அருண் சேனாபதி. உன் பெயர் வெண்பா சேனாபதி. டைரக்டர் வீட்டுப் பெண் என்பதால்தான் உனக்கு வேலை தருகிறார்கள் என்று ஒரு புகார் வந்திருக்கிறது.”

கோடை விடுமுறைக்கு இன்டர்னாக வந்த கல்லூரி மாணவர்கள் ஏழு பேர். படிப்பு முடிந்ததும் நிரந்தர வேலை ஒரே ஒருவருக்குத்தான். அது வெண்பாவுக்கு என்று காலையில்தான் சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் யாருக்கோ பொறுக்கவில்லை. சொந்தக்காரர் சிபாரிசு என்று நிரூபணமானால் வேலை போகும். சிபாரிசு செய்தவர் வேலையும் சேர்ந்து போகும். கம்பெனி சட்டம் அப்படி.

“சேனாபதி என் அப்பா பெயர். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று எதுவும் கிடையாது.”

“அப்பா பெயர்தானே குடும்பப் பெயர்?”

“இல்லை. அது அவருக்கு வைத்த பெயர். அவருடைய அப்பா பெயர் வேறு.”

டெனிஸ் நெற்றியைத் தேய்த்தாள். “எனக்குப் புரியவில்லை. உன் மேனேஜரும் தமிழ்தானே? அவரையே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம்.”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள் வெண்பா. அதற்குள் டெனிஸ் போனை எடுத்துவிட்டாள்.

மேனேஜர் சண்முகப்ரியா கோபாலசாமி வந்து உட்கார்ந்தாள். கறார் பேர்வழி. மற்ற மாணவர்களுக்கெல்லாம் ‘குட் ஜாப்’ சொல்லும் வாய், வெண்பாவிடம் வந்தால் பூட்டிக்கொள்ளும். சாப்பாட்டு மேஜையில் இவள் இருந்தால் அவள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவாள். வெண்பா எழுதிய புரோகிராமை நாலு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறாள். “உன் மேல அந்தம்மாவுக்கு அப்படி என்னடி கோவம்?” என்று கூட வேலை பார்க்கும் பர்வினே கேட்டதுண்டு.

டெனிஸுக்கு ஏதோ அழைப்பு வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடி இவர்களையே பார்த்தாள்.

“எனக்கு இந்த ஜாப்பே வேணாம். ரிஜெக்ட் பண்ணிடறேன்,” வெண்பாவின் குரல் உடைந்தது.

“அழாதே. அவ பாத்துட்டிருக்கா.” சண்முகப்ரியா முகத்தைத் திருப்பாமலே பேசினாள். “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. அதிகப்பிரசங்கித்தனமா எதையாவது உளறிக் கொட்டின, அவ்வளவுதான்.”

டெனிஸ் திரும்பி வந்தாள்.

“இந்தப் பெண் சொல்வது சரிதான்,” என்று ஆரம்பித்தாள் சண்முகப்ரியா. “எங்களில் பல பேருக்கு அப்பா பெயர்தான் பின்னால் வரும். என் பெயரில் இருக்கிற கோபாலசாமி என் அப்பா. அருண் பெயரில் இருக்கிற சேனாபதி அவருடைய அப்பா. பெயரை வைத்து யாருக்கு யார் சொந்தம் என்று எங்களில் கண்டுபிடிக்கவே முடியாது.”

“அப்படியானால் இவளுக்கும் டைரக்டருக்கும் சம்பந்தமில்லை?”

“துளிகூட இல்லை.”

“அவர் உங்களிடம் இவளுக்காகப் பேசினாரா?”

“அவருக்கு இவள் முகமே தெரியாது. மார்க் போட்டது நான் மட்டுமில்லை, டீமில் இன்னும் மூன்று பேர். என்னுடைய மார்க்தான் இருப்பதிலேயே குறைச்சல்.”

டெனிஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்னை மன்னித்துவிடு,” டெனிஸ் எழுந்து வெண்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். “புகாரை முடித்துவிடுகிறேன். வேலை உனக்குத்தான்.”

வெண்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். யாரிடமும் நின்று பேசவில்லை. வழக்கம்போல இரண்டு தெரு தள்ளி, இந்திய மளிகைக் கடையின் பின்பக்கம் போய் நின்றாள்.

கார் வந்தது. ஓட்டி வந்தவள் சண்முகப்ரியா.

வெண்பா ஏறினாள். கார் லிவர்மோர் ஊருக்குப் போகும் ஃப்ரீவேயைப் பிடித்தது.

“உன்னை என் டீம்ல போட்ட அன்னைக்கே வாயைத் திறந்து சொல்லியிருக்கணும். பயந்து தொலைச்சேன்,” என்றாள் சண்முகப்ரியா. “அந்தம்மா இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா ரெண்டு பேரும் காலி.”

“என்ன கேள்வி?”

“என் புருஷன் பேர் என்னன்னு. சேனாபதின்னு சொல்லாம வேற என்னடி சொல்லியிருப்பேன்? கண்ணைத் தொடச்சிக்கோ, வீட்ல உங்கப்பா சாப்பிடாம உக்காந்திருப்பார்.”