கடும் ஆள்

நெல்லியடியில் பெண்பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடிக்க உதவும் வழிகாட்டித் திட்டமொன்றில் நானும் ஓர் ஆலோசகர். படிப்பை விடப்போன சாருகாவை உயர்தரம்வரை கொண்டுவந்தது நான்தான் என்று காண்கிறவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

போன கிழமை அவளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். மகளின் படிப்பை மறிக்கிற பெற்றோர் ஒருவரோடு கதைத்து, அவர் மனத்தை மாற்ற வேண்டும்.

“ஒரு வீடு இருக்கு, மிஸ். அந்த அக்காவுக்குக் கம்பஸ் கிடைச்சும் தாய் விடுறா இல்லை.”

“இந்தக் காலத்திலையும் இப்பிடி ஒரு மனிசியோ?”

“சரியான கடும் ஆளாம், மிஸ்.”

“இருக்கட்டும். என்ன சாட்டுச் சொன்னாலும் விடாதை.”

ஞாயிற்றுக்கிழமை சாருகா என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினாள்.

“என்ன, அந்த வீட்டுக்குப் போகேல்லையோ?”

“வந்திட்டன், மிஸ்.”

திரும்பிப் பார்த்தேன். என் மகள் மிதுஷா கதவைப் பிடித்தபடி நின்றாள். மாத்தறைப் பல்கலைக்கழகம் தூரம், பொம்பிளைப் பிள்ளைக்குச் சரிவராது என்று அவளுக்குச் சொல்லியிருந்தேன். அது வேறு விஷயம் என்றல்லவா நினைத்திருந்தேன்!

சாருகா உள்ளே வந்து உட்கார்ந்தாள். என் ஒவ்வொரு சாட்டுக்கும் அவளிடம் பதில் இருந்தது. கடைசியில், மாத்தறைக்கு எந்த பஸ்ஸில் போவது என்று நானே கேட்டேன்.

“அக்காவைக் கொண்டுபோய் விடேக்கை நானும் வாறன், மிஸ்,” என்றாள் சாருகா. “திரும்பி வரேக்கை உங்களுக்கும் ஆரேன் பக்கத்திலை வேணும்தானே.”