முன்னால் நிற்க ஓர் ஆள்

“சிரிப்பாங்கம்மா. இருபது பேரு வர்ற சைக்கிள் குரூப்பு அது. கால்ல பிளாஸ்டிக் ரொட்டிப் பையக் கட்டிக்கிட்டுப் போனா என் மானம் போயிடும்லா.”

“சிரிக்கிறவன் நனையட்டும். விடியக் காலையில ரப்பர் எஸ்டேட்டு ஈரப் புல்லுல பால்மரம் வெட்டப் போனவ நான். காலு சில்லிட்டா ஒடம்பே சில்லிட்டுப் போயிடும். மொதல்ல மெல்லிசு ஸ்டோக்கின், அதுக்கு மேல பை, அப்புறம் சப்பாத்து. பேண்ட்டு பைக்கு மேல விழணும். இல்லாட்டி வழியிற தண்ணி நேரா உள்ள எறங்கிடும்.”

“சிவா சார் முன்னாலயா?”

“அவரு சிரிக்க மாட்டாரு. அவருக்கும் காலு நனைஞ்சா ஆகாதுல்ல. அத விடு, இன்னைக்காவது கேட்டுடு ஐயா.”

விடியற்காலையில் அம்மா நவமணியோடு நடந்த இந்தப் பேச்சை, ஈப்போவில் சிவபிரகாசம் சார் வீட்டு வாசலில் நின்றபடி நினைத்துக்கொண்டான் கோகிலன். சாரோடும் குரூப்போடும் பத்து காஜா ஊர் வரை சைக்கிளில் போய்த் திரும்பியதில் பாதித் தூரம் கொட்டும் மழை. உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட, பாதங்கள் மட்டும் அடுப்படியில் வைத்ததுபோல் கதகதப்பாக இருந்தன.

அதுதான் சிக்கல். கோப்பி குடிக்க உள்ளே போக வேண்டுமென்றால் வாசலில் சப்பாத்தைக் கழற்றியாக வேண்டும்.

உள்ளே போகாமலும் முடியாது. அடுத்த ஞாயிறு சித்தியவானுக்குப் போய்ப் பிரமிளாவைப் பெண் கேட்க வேண்டும். கோகிலனுக்கு அப்பா இல்லை. நவமணியோ, “தாலி எறங்கினவ நல்ல காரியத்துக்கு முன்னால நிக்கக் கூடாது” என்று ஒதுங்கிக்கொண்டாள். தட்டை ஏந்தி முன்னால் நடக்க மரியாதையான ஆண் ஒருவர் வந்தால்தான் பிரமிளாவின் அப்பா பேசவே உட்காருவார்.

சிவபிரகாசம் சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவரும் மனைவியை இழந்தவர்தான். ஆண்களுக்கு அந்தத் தடையெல்லாம் கிடையாது. அவரைக் கேட்டுவிட வேண்டும் என்று மூன்று ஞாயிறாக வந்து, கேட்காமலே திரும்பியிருந்தான்.

“என்ன மச்சான், வேர் விட்ட மாதிரி நிக்கிற? கழட்டு,” என்றான் கூட வந்த ரூபன். ஈரத்தில் ஊறி, வெளுத்துச் சுருங்கிப்போன பாதங்களைத் துண்டால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

வேறு வழியில்லை. கோகிலன் கழற்றினான்.

இரண்டு காலிலும் ரொட்டிப் பை. பையின் வாயில், கணுக்காலைச் சுற்றிக் கட்டுவதற்காக, மஞ்சள் கிளி போட்ட பச்சைத் துணியை நவமணி கையால் தைத்திருந்தாள்.

“சார்! இங்க பாருங்க!” ரூபன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். “கடைச் சோறு மாதிரி ரெண்டு காலையும் தபாவ் கட்டிட்டு வந்திருக்கான்லா! சூடு ஆறாதாம்!”

கோகிலனுக்குக் காது மடல் எரிந்தது. “எங்கம்மா பண்ற வேலைடா. எஸ்டேட்டு ஆளு, நாகரிகம் தெரியாது. சொன்னாலும் கேக்காது,” என்று தானும் சிரித்தான். பைகளை உருவிக் கைக்குள் கசக்கிக்கொண்டான்.

சைக்கிளைச் சுவரில் சாத்திக்கொண்டிருந்த சார் சிரிக்கவில்லை. முகத்தில் அறை வாங்கியவர்போல அவனையே பார்த்தார்.

“ரூபா, உள்ள போய் கோப்பி கலக்கு. எனக்குச் சீனி வேணாம்.”

ரூபன் போனதும் தாழ்ந்த குரலில் கேட்டார். “மூணு வாரமா எதையோ சொல்ல வர்ற, முழுங்கிடுற. என்ன தம்பி?”

கோகிலன் தரையைப் பார்த்தபடி ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். “எங்கப்பா எடத்துல நீங்க நின்னாப் போதும் சார். ஒரு நாளைக்குத்தான்.”

சார் பெஞ்சில் உட்கார்ந்தார். சப்பாத்துக்கு மேலே அவர் மாட்டியிருந்த மழையுறைகளைக் குரூப்பில் எல்லோரும் பொறாமையோடு பார்ப்பார்கள். அவற்றின் ஜிப்பை மெதுவாக இறக்கினார். பிறகு சப்பாத்தைக் கழற்றினார்.

இரண்டு காலிலும் ரொட்டிப் பை. அதன் வாயில் பச்சைத் துணி. பச்சைத் துணியில் மஞ்சள் கிளி.

பதினைந்து வருஷம் கோகிலன் வீட்டு ஜன்னலில் தொங்கிக் கிழிந்த திரை அது. அந்தத் தையலும் அவனுக்குத் தெரியும்.

கைக்குள் கசங்கியிருந்த பைகளை அவன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். நாகரிகம் தெரியாது என்று சொன்னது யாரைப் பற்றி, யாரிடம் என்று நினைக்கையில் நிற்கவே கூசியது.

சாரும் தலை நிமிரவில்லை. அறுநூறு பிள்ளைகளை அதட்டிய குரல் உடைந்து வந்தது. “போன வருஷம் நீ காய்ச்சல்ல கெடந்தப்போ பாக்க வந்தேன்ல… அப்பலேருந்து. அவங்ககிட்ட மனசச் சொல்லிட்டேன். ‘எம்பையன் என்ன நெனப்பானோ’ன்னு மட்டும் சொன்னாங்க.”

உள்ளே கரண்டி கலக்கும் சத்தம் கேட்டது.

“அதனால ஒரு நாளைக்கு மட்டும் அந்த எடத்துல என்னால நிக்க முடியாது.”

“சார்…”

“பிரமிளாவ நாம கேக்கப் போறதுக்கு முன்னால, உங்கிட்ட நான் பொண்ணு கேக்கணும் தம்பி. உங்கம்மாவ.”